பள்ளிச் செய்தித்தாளும் ஆண்டு மலரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிப் பக்கம், அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் மாதம் ஒரு நான்கு பக்கச் செய்தித்தாளும், வருடம் ஓர் ஆண்டு மலரும் தயாரிக்கிறார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர், ஜூனில் புதிதாகக் குழுவுக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொரு முறையும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றுவதால் எழுதி வைத்துவிட்டேன்.

செய்தித்தாள், மலர் இரண்டுக்கும் ஒரே குழு போதாதா?

போதாது. ஆள் குறைவென்றால் ஒரே பிள்ளைகள் இரண்டிலும் இருக்கலாம், ஆனால் வேலை வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செய்தித்தாள் என்பது போய்க் கேட்கிற வேலை. ஒரு இதழில் பத்துப் பேர் பெயர் வந்தால் போதும், மற்றவர்கள் அடுத்த மாதம் வருவார்கள். மலர் என்பது எண்ணுகிற வேலை. பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளைகூட விட்டுப்போகக் கூடாது. கவிதை நன்றாக இல்லையென்றால் யாரும் என்னிடம் வந்ததில்லை. பெயர் விட்டுப்போனால் வீட்டிலிருந்து ஆள் வருகிறார்கள். வரத்தான் வேண்டும்.

குழுவில் யார் யாரைச் சேர்ப்பது?

முதல் மதிப்பெண் எடுக்கிறவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். ஊரில் எந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கும் ஒரு பையன் எல்லா வகுப்பிலும் இருப்பான். நாம் அவனை ‘வாயாடி’ என்று பின் வரிசைக்குத் தள்ளியிருப்போம். நிருபர் அவன்தான். கையெழுத்து நன்றாக உள்ள ஒருவர், கோடு போட்டு இடம் பிரிக்கத் தெரிந்த ஒருவர், கணக்கு எழுதி வைக்க ஒருவர். இவர்களுக்கு மேல், பொறுமையான ஒரு பிள்ளையைப் ‘பெயர்ப் பொறுப்பாளர்’ ஆக்குங்கள். அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கையில் காசே இல்லை. தொடங்க முடியுமா?

ஒரு சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் இருந்தால் சுவர் இதழ் தொடங்கிவிடலாம். பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போகும் வழியில், அவர்களின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். ஆசிரியர் ஓய்வறைக்கு வெளியே ஒட்டினால் ஒருவரும் நின்று படிக்கமாட்டார்கள்.

அடுத்த படி ஜெராக்ஸ். ஏ3 தாளை நடுவில் மடித்தால் ஏ4 அளவில் நான்கு பக்கம் கிடைக்கும். இரண்டு பக்கமும் நகல் எடுத்து ஒரு மடிப்பு மடித்தால் அது செய்தித்தாள், பின்கூட வேண்டாம். கையால் எழுதி நகல் எடுத்தால் கறுப்பு ஜெல் பேனாதான். நீல மை நகலில் வெளிறிவிடும், பென்சில் சில இடத்தில் விழவே விழாது. ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் விடாவிட்டால் கடைசி எழுத்துகளை மெஷின் சாப்பிட்டுவிடும்.

எழுதித் தரச் சொன்னால் எல்லாரும் கவிதையே தருகிறார்களே?

தருவார்கள். ‘மரம் வளர்ப்போம்’ ஒன்பது, ‘அம்மா’ பதினான்கு, ‘தாய்மொழி’ ஆறு என்று கட்டுக்கட்டாக வரும். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாம் ‘படைப்புகள் வரவேற்கப்படுகின்றன’ என்று பொதுவாக அறிவித்தால் பொதுவானதுதான் வரும். கேள்வியைக் குறுக்க வேண்டும். ‘உங்கள் ஊர்க் கண்மாயில் இப்போது தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது?’, ‘நீ ஏறும் டவுன்பஸ் எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு வருகிறது?’, ‘சத்துணவில் எந்தக் கிழமை கூட்டம் அதிகம்?’ இப்படிக் கேளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மல்லிகை பற்றி எழுதி வந்தாள். முதல் வரி ‘பூக்களின் ராணி மல்லிகை’. இரண்டாவது வரியில் மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது என்று இருந்தது. சரியான தகவல்தான், போனில் தேடினால் யாருக்கும் கிடைக்கும். “உங்க வீட்டுல பூப் பறிக்கப் போவாங்களாம்மா?” என்றேன். “அம்மாவும் நானும் போவோம் சார்.” “எத்தனை மணிக்கு?” “நாலு மணிக்கு. நெத்தியில லைட்டு கட்டிக்குவோம்.” “அதை எழுதுவியா?” “அதையெல்லாம் எழுதலாமா சார்?” என்று கேட்டாள்.

எழுதினாள். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பூச்சி வந்து வாயில் விழுவது, மலர்ந்த பூவை விட்டுவிட்டு மொட்டை மட்டும் கிள்ளுவது, ஈரத் துணியில் கட்டி அப்பா பைக்கில் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டுபோவது, நேரம் தப்பினால் விலை இறங்கிவிடும் என்று அம்மா அவசரப்படுத்துவது. அதோடு, முதல் பீரியட் கணக்கு நோட்டைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவள் மோந்து பார்ப்பது. ‘பூக்களின் ராணி’யை அவளே அடித்துவிட்டாள். அந்த இதழை மட்டும் இரண்டாம் முறை நகல் எடுக்க வேண்டியதாயிற்று.

பெரிய செய்தி வேண்டுமென்றாலும் தூரம் போக வேண்டியதில்லை. மேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு அரிட்டாபட்டி இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், பிறகு டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்ட ஊர். அந்த ஊர்ப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், தாத்தாவிடம் பத்துக் கேள்வி கேட்டுவரச் சொல்லுங்கள். கிழக்குப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கீழடி. 2023இல் அருங்காட்சியகம் திறந்தபின் எல்லாப் பள்ளியும் சுற்றுலா போய்விட்டு ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதுகிறது. எந்தப் பானை ஓட்டுக்கு முன்னால் அதிக நேரம் நின்றாய், அதில் என்ன கீறியிருந்தது என்று கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைகள் கொண்டுவந்தால்?

திட்ட வேண்டாம். “இதுல நீ பார்த்தது எது, காட்டு” என்று கேட்டால் போதும். ஒன்றுமில்லை என்று அவனே சொல்லிவிடுவான். சந்திப்பிழை இல்லாத எட்டாம் வகுப்புக் கட்டுரை வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும், அது வேறு கதை.

பள்ளியின் குறைகளை எழுதலாமா? ஹெச்.எம். விடுவாரா?

‘கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை’ என்று எழுதலாமா என்பதுதான் இந்தக் கேள்வியின் உண்மையான வடிவம். எழுதலாம். ஆனால் ‘பள்ளி நிர்வாகத்தின் அலட்சியம்’ என்று எழுதக் கூடாது. எந்தெந்தக் கிழமை வரவில்லை, மோட்டாரா குழாயா, யாரிடம் கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், இவை நான்கும் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஒரு வாரம் காலையிலும் மதியமும் குறித்து வைத்து, அந்தப் பட்டியலோடு ஹெச்.எம். அறைக்குப் போனார்கள். செய்தி வருவதற்கு முன்பே பிளம்பர் வந்துவிட்டார். “இனி எதை சார் எழுதுறது?” என்று நிருபருக்கு வருத்தம். பிளம்பர் வந்ததை எழுதச் சொன்னேன்.

பக்கங்களைத் தலைமையாசிரியரிடம் காட்டத்தான் வேண்டும், அவர்தான் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நான் வலியுறுத்துவது காட்டும் நேரத்தை. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. மிசௌரி மாநிலத்தில் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் 1983இல் மாணவர் செய்தித்தாளின் பக்கங்கள் அச்சுக்குப் போக மூன்று நாள் இருக்கும்போதுதான் முதல்வர் கைக்கு வந்தன. மாணவியரின் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் மணமுறிவு பற்றியும் இருந்த கட்டுரைகளில் அவருக்குச் சில ஆட்சேபங்கள். திருத்த நேரமில்லை என்று இரண்டு முழுப் பக்கங்களையே எடுத்துவிட்டார். அந்தப் பக்கங்களில் இருந்த மற்றக் கட்டுரைகளும் சேர்ந்து போயின. 1988இல் உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம்தான் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியா தவறா என்பதை விடுங்கள். பத்து நாள் முன்னால் காட்டியிருந்தால் ஒரு பத்தியை மாற்றுவதோடு முடிந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றும். நாங்கள் பத்து நாள் முன்னால் காட்டுகிறோம். எதையாவது எடுக்கச் சொன்னால், ஏன் என்று எழுதியவனிடமே சொல்லும்படி ஹெச்.எம்.மிடம் கேட்டிருக்கிறோம். சொல்கிறார்.

பெயர்ப் பொறுப்பாளர் எதற்கு? கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் உள்ள மாணவர் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டால் ஆகாதா?

ஆகாது. அங்கேதான் எல்லாரும் விழுகிறோம்.

நம் பக்கத்தில் ஒரே வகுப்பில் இரண்டு பாண்டி, இரண்டு அழகர், ஒரு அழகர்சாமி, ஒரு அழகுப்பாண்டி, பெண்பிள்ளைகளில் நாலைந்து மீனாட்சி என்று இருப்பார்கள். ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது தலைப்பெழுத்து மட்டும்தான். கணினிப் பட்டியலில் அது ஆங்கிலத்தில் இருக்கும். மலரில் தமிழில் வேண்டும். 2021 டிசம்பரிலேயே தலைப்பெழுத்தையும் தமிழில் எழுத வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது, அதற்கு முன்பும் தமிழ் மலரில் தமிழில் போடுவதுதான் அழகு. சிக்கல் என்னவென்றால், ஆங்கில ‘பி’ ஒன்றைத் தமிழில் ப, பா, பி, பூ, பெ, பே, பொ என்று எப்படியும் படிக்கலாம். ‘எஸ்’ என்றால் ச, சி, சு, செ, சோ, சில வீட்டில் ஷ. ‘கே’ என்றால் க, கா, கு, கோ. டிடிபி போடுகிறவர், அதாவது கணினியில் பக்கம் அமைக்கிறவர், இதையெல்லாம் யோசிக்கமாட்டார், ‘பி.பாண்டி’ என்று தட்டிவிட்டுப் போய்விடுவார். அல்லது அவரே ஊகித்து ஒன்றைப் போடுவார். ஊகம் அதைவிட மோசம்.

வழி ஒன்றுதான். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தலைப்பெழுத்தோடு தன் கையாலேயே ஒரு தாளில் எழுத வேண்டும். பெயர்ப் பொறுப்பாளர் வகுப்பு வகுப்பாகப் போய் வாங்குவார். அன்று வராதவர்களுக்காக மறுநாளும் போவார், அதற்கு மறுநாளும் போவார். டைப் ஆனபின், பட்டியலை வகுப்பிலேயே ஒட்டி, ஒவ்வொருவரும் தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதை மிகவும் மரியாதையாகச் செய்வார்கள். பிளஸ் டூ பையன்கள்தான் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள், நண்பனுக்கும் சேர்த்துப் போடுவார்கள். பக்கத்தில் நிற்க வேண்டும்.

குழுப் படத்துக்குக் கீழே பெயர் போடும்போது ‘இடமிருந்து வலம், நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள்’ என்று போடுகிறோம். படம் எடுத்த அன்றே, கலைவதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து, “பின்னாடி மூணாவது யாரு, தலை மட்டும் தெரியுதே?” என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பிள்ளைகளின் படத்தைப் போடப் பெற்றோர் ஒப்புதல் வேண்டுமா?

வாங்கிவிடுங்கள். ஜூனில் அனுமதிக் கடிதம் ஒன்று கொடுத்து, படம், பெயர் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. மகள் படம் வெளியே போக வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்குப் பெயர் மட்டும், அல்லது அவள் வரைந்த கோலம். முகவரி, போன் எண், பிறந்த தேதி யாருடையதும் வேண்டாம். பழைய மலர்களில் இவையெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும், அந்தக் காலம் வேறு. மலரின் பிடிஎஃப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் நாங்கள் நிறுத்திவிட்டோம்.

இன்னொன்று. ஒரு பிள்ளை வழக்கில் சம்பந்தப்பட்டிருந்தாலோ பாதிக்கப்பட்டிருந்தாலோ அடையாளம் தெரியும்படி எழுதுவது குற்றம். 2012 போக்சோ சட்டமும் 2015 சிறார் நீதிச் சட்டமும் அதைத் தடுக்கின்றன. பெயரைச் சொல்லாமல் ‘பத்தாம் வகுப்பு பி பிரிவு மாணவி’ என்று எழுதினாலும் அடையாளம்தான்.

படத்தைப் பொறுத்தவரை தொழில்நுட்பம் இவ்வளவுதான்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். மூன்று அங்குல அகலத்தில் படம் வர வேண்டுமானால் 900 பிக்சலாவது இருக்க வேண்டும்.

எந்த எழுத்துருவில் டைப் செய்வது? யூனிகோடா, பாமினியா?

பிள்ளைகள் போனில் தட்டுவது யூனிகோடு. பல டிடிபி கடைகளில் பக்கம் அமைக்க இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள்தான். அதற்கு யூனிகோடு புரியாது, அதனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்வார்கள். மாற்றும்போதுதான் வினை. எங்களுக்கு ஒரு வருடம் ‘கௌசல்யா’ எல்லாம் ‘கெளசல்யா’ ஆனார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவது ஒரே எழுத்து, இரண்டாவது ‘கெ’வும் ‘ள’வும் சேர்ந்து நிற்பது. அகரவரிசைப்படுத்தினால் ‘கோமதி’க்குப் பின்னால் வர வேண்டிய கௌசல்யா ‘கெ’ வரிசைக்கு ஓடிவிடுவாள். பெயர்ப் பட்டியலில் தேடிய பிள்ளை, தன் பெயர் இல்லையென்று அழுதுகொண்டே வந்தாள். நாலு பெயர் தள்ளி இருந்தது. ‘ஸ்ரீ’, ‘மௌனம்’, ‘பௌர்ணமி’, இவையும் உடையும்.

முடிந்தால் இன்டிசைன் என்ற புதிய மென்பொருளில் யூனிகோடிலேயே வேலை செய்யும் கடையைப் பிடியுங்கள். அதில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘தமிழ் சரியா வரமாட்டேங்குது சார்’ என்று சொல்லி மறுபடி பாமினிக்கே போய்விடுவார்கள். இலவச எழுத்துருக்கள் கூகுளில் நிறைய உண்டு. ‘ஹிந்த் மதுரை’ என்றே ஒன்று இருக்கிறது, ஊர்ப்பாசத்தில் தலைப்புகளுக்கு அதைத்தான் வைத்திருக்கிறோம்.

மதுரையில் அடிப்பதா, சிவகாசிக்குப் போவதா?

முந்நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் பிரிண்ட் போதும், மதுரையிலேயே முடித்துவிடலாம். அதற்கு மேல் ஆஃப்செட். ஆஃப்செட்டில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான், அதனால் எண்ணிக்கை கூடக் கூட ஒரு பிரதியின் விலை இறங்கும். கலர் பக்கத்துக்கு நான்கு பிளேட், கறுப்பு வெள்ளைக்கு ஒன்று. ராப்பரையும் (மேலட்டை) ஒரே ஒரு ஃபாரத்தையும் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) கலராக வைத்து, குழுப் படங்களை அதில் சேர்த்துவிட்டு, மற்றதைக் கறுப்பில் அடித்தால் கையைக் கடிக்காது. உள்தாள் 80 ஜிஎஸ்எம் கனத்தில் மாப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாள், ராப்பருக்கு ஆர்ட் கார்டு என்ற வழவழப்பான அட்டை. பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும், எட்டு அல்லது பதினாறாக அமைந்தால் இன்னும் நல்லது. ‘ஒரே ஒரு பக்கம் சேர்த்துக்கலாமா?’ என்று கடைசி நாளில் கேட்காதீர்கள். ஒரு பக்கம் என்று ஒன்று கிடையாது.

சிவகாசியில் விலை குறையும், ஆனால் ப்ரூஃப் பார்க்க எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். தவிர, ஆடிப்பெருக்கில் காலண்டர் ஆல்பம் (அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் தொகுப்பு) போட்டதிலிருந்து டிசம்பர் முடியும்வரை அங்கே யாருக்கும் தலை நிமிர நேரமில்லை. மதுரை அச்சகங்களுக்கும் ஒரு நெருக்கடிக் காலம் உண்டு. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆனால் தை முகூர்த்தப் பத்திரிகைகள் எல்லாம் மார்கழியில்தான் அடித்தாக வேண்டும். ஜனவரிக் கடைசியில் ஆண்டு விழா என்று வைத்துக்கொண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்து அச்சகத்துக்குப் போனால், நம் மலர் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில்தான் கிடக்கும். தீபாவளி முடிந்த கையோடு கோப்பைக் கொடுத்துவிடுங்கள். அதற்கு ஆகஸ்டிலேயே படம் எடுத்திருக்க வேண்டும், காலாண்டு விடுமுறையில் கட்டுரைகள் திருத்தியிருக்க வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகளைக் கார்த்திகைக்குப் பிறகு தொடவே தொடாதீர்கள்.

விளம்பரம் வாங்கலாமா?

வாங்கலாம். ஹெச்.எம்.மிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ரசீதோடு. ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பழைய மாணவரின் டிராக்டர் ஒர்க்‌ஷாப், இவைதான் எங்கள் ஆதாரம். எங்கள் நிபந்தனை ஒன்றே ஒன்று. கடை பெயர், தொழில், ஊர் மட்டும் போடுவோம். சாதிப் பட்டமும் தலைவர் படமும் கிடையாது. நம் பக்கத்து போஸ்டர்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்க விளம்பரம் இதனால் போனதுண்டு, போகட்டும்.

பிள்ளைகள் எழுதியதை வெளியே அனுப்பலாமா?

தாராளமாக. அரசுப் பள்ளியென்றால் கல்வித்துறையே நடத்தும் ‘தேன்சிட்டு’, ‘ஊஞ்சல்’ இதழ்கள் உண்டு. பாரதியார் 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார். அவருடைய கவிதை முதலில் அச்சேறியதும் அந்த ஆண்டுதான், மதுரையிலிருந்து வந்த ‘விவேகபானு’ இதழில். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருவன், “அப்ப அவரும் சாரா சார்?” என்று கேட்டான்.

மலர் அச்சாகி வந்தபின் தவறு கண்ணில் பட்டால்?

படும். பண்டலைப் பிரித்து முதல் பிரதியைத் திறந்தால் எந்தப் பக்கம் திறக்கிறதோ அதில் இருக்கும். “ஃபாரம் ஓடிருச்சு சார், இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்பார் அச்சகக்காரர். சிறிய எழுத்துப்பிழை என்றால் விட்டுவிடலாம். பெயர் என்றால் விடக் கூடாது. பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அடித்து எல்லாப் பிரதியிலும் வைப்போம், அடுத்த மாதச் செய்தித்தாளின் முதல் பக்கத்திலும் போடுவோம்.

ஒரு வருடம் பிளஸ் டூ மாணவி ஒருத்தி, விழா முடிந்த மறுநாள் மலரோடு வந்தாள். அம்மாவின் பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்திருந்தவள், அம்மா பேச்சியம்மாள். நாங்கள் ‘பெ.’ என்று போட்டிருந்தோம். பட்டியலில் ‘பி’ என்று இருந்ததை வைத்து நானே ஊகித்து எழுதியது. அப்போது எங்களிடம் பெயர்ப் பொறுப்பாளர் கிடையாது.

“கொம்புல ஒரு சுழி விட்டுப்போச்சு சார்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் மேசையிலிருந்த நீலப் பேனாவை வாங்கி, கொம்புக்கு மேலே அந்தச் சுழியைப் போட்டாள். பிறகு நூலகத்துக்குப் போகும் பிரதியையும் கேட்டு வாங்கி அதிலும் போட்டாள்.

நூலகப் பிரதியோடு, சிவப்பு மையில் எல்லாத் தவறும் குறித்த ஒரு பிரதியையும் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் புதுக் குழு கூடும் முதல் நாள், நாங்கள் அந்த இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுத்தான் பெயர்ப் பொறுப்பாளர் யார் என்று கேட்கிறோம்.